நாற்பது சுற்று

அக்டோபர் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு, ஆற்றுப்பாலத்தின் வடக்கே மூன்றாவது தெருவில், பதினோராம் எண் வீட்டின் சமையலறை மேஜை மீது பின்வரும் பொருட்கள் இருந்தன: முக்கால்வாசி நிறைந்த விஸ்கி பாட்டில் ஒன்று, மூலிகை போட்ட இனிப்பு வைனான வெர்மூத் ஒரு பாட்டில், பேரிக்காய்ப் பாகு ஒரு ஜாடி, கசப்புச் சாறு ஒரு சிறு குப்பி, பாகில் ஊறிய செர்ரி ஒரு ஜாடி, நீளக் காம்பு வைத்த ஸ்பூன் ஒன்று, பிரிவு மாற்றம் கேட்டு எழுதிய கடிதம் ஒன்று. கடிதத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி.

மேஜையின் ஒரு பக்கம் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஜாம் ஃபேக்டரியில் இருபத்தோரு வருடமாக ருசி பார்ப்பவர். அவருடைய வேலையே அவருக்குப் பெயராகிவிட்டது. ஃபேக்டரியிலும் தெருவிலும் அவர் ருசிக்காரர்.

எதிரே அண்ணி. இருபத்து மூன்று வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துவிட்டு, இப்போது துணி வெளுக்கும் கடைக்கு மாடியில் அறை எடுத்துத் துப்பறிகிறார். அண்ணிக்குப் பின்னால், நாற்காலி இருந்தும் உட்காராமல், அவருடைய கொழுந்தன். முன்னாள் பஸ் டிரைவர். முழங்கால் கெட்டபின் பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணியின் காரை ஓட்டுகிறார். அவர் "அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வாடிக்கையாளர்களும் இரண்டு போலீஸ் இன்ஸ்பெக்டர்களும்கூட அப்படியே கூப்பிடுகிறார்கள்.

"ஒண்ணு, என் நாக்கு செத்துப் போச்சு, மேடம்," என்றார் ருசிக்காரர். "இல்லன்னா இந்த வீட்ல யாரோ என் பாட்டில்ல கை வெக்கறாங்க. ரெண்டுல எதுன்னு ஆறு மணிக்குள்ள எனக்குத் தெரியணும்."

"ஆறு மணிக்கு என்ன?"

"ஃபேக்டரி வாசல்ல இருக்கற கடிதப் பெட்டிய ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்க. திங்கட்கிழமை பரீட்சை. பதினோரு கோப்பை வெப்பாங்க. இனிப்பு கம்மியானதுலேர்ந்து ஜாஸ்தியானது வரைக்கும் வரிசையா அடுக்கணும். தப்பு பண்ணினா நோட்டீஸ் போர்டுல பேர ஒட்டிட்டு, டப்பா அடைக்கற பிரிவுக்கு அனுப்பிடுவாங்க. நானே முன்னாடி எழுதிக் கொடுத்துட்டா நோட்டீஸ் போர்டு கிடையாது. டப்பா மட்டும்."

"ருசி பார்க்கறதுக்கு டப்பா அடைக்கறது ஒண்ணும் மோசமில்ல, சார்," என்றார் கொழுந்தன். "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பசி எடுக்கும்."

"தம்பி," என்றார் அண்ணி. கொழுந்தன் வாயை மூடினார். அது அதிக நேரம் நீடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். இலை உதிரத் தொடங்கியதும் ருசிக்காரர் தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரே ஒரு கிளாஸ் பானம் கலந்து குடிப்பார். முழுக் குளிர் வந்ததும் நிறுத்திவிடுவார். பத்து வருடப் பழக்கம். விஸ்கி இரண்டு பங்கு, வெர்மூத் ஒரு பங்கு, பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய பேரிக்காய்ப் பாகு ஒரு ஸ்பூன், கசப்புச் சாறு இரண்டு சொட்டு. உயரமான கண்ணாடிக் குவளையில் ஆறு ஐஸ் கட்டி போட்டு, நாற்பது சுற்று கலக்கி, வடிகட்டி, ஒரு செர்ரி. அவ்வளவுதான். செப்டம்பர் கடைசி வாரம் வரை அது அவர் நினைத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் சில நாள் மட்டும் சப்பென்று போனது.

"நாப்பது சுத்து கலக்கறதுக்கு, மூடி போட்டு நாலு குலுக்கு குலுக்கிட்டா வேலை முடிஞ்சுதே," என்றார் கொழுந்தன்.

தன் அம்மாவைப் பற்றி யாரோ தப்பாகப் பேசியதைக் கேட்டவர் போல ருசிக்காரர் அவரைப் பார்த்தார். "குலுக்கினா காத்து உள்ள போயிடும். நுரை வரும், கலங்கலாயிடும். எலுமிச்சைச் சாறு, பால், முட்டை இதெல்லாம் போட்டா குலுக்கலாம். இது வெறும் மது, பாகு. இத கலக்கத்தான் கலக்கணும். பட்டு மாதிரி வழவழன்னு இருக்கணும். நீங்க பஸ்ஸயும் இப்படித்தான் ஓட்டினீங்களா?"

"பிரயாணிகள் அப்படித்தான் சொன்னாங்க."

ருசிக்காரர் ஒரு குறிப்பு நோட்டை நகர்த்தினார். தினமும் குடித்து முடித்ததும் எழுதியிருக்கிறார். கெட்ட நாட்களில் சிவப்பு மையில் இப்படி இருந்தது: 'நுழைவில் இனிப்பு தயங்குகிறது. நடுவில் தண்ணீரின் நிழல். முடிவு அவசரம்.'

"இது ருசியா, மழைக்கால ரயில் பயணமா?" என்றார் கொழுந்தன்.

அண்ணி தேதிகளை மட்டும் பார்த்தார். செப்டம்பர் முப்பது. அக்டோபர் மூன்று, ஏழு, பத்து, பதினாலு. "எல்லாம் செவ்வாய், வெள்ளி."

"வாரத்துல ரெண்டு நாள் நாக்கு லீவு போடுது," என்றார் கொழுந்தன். "எங்க டிப்போல ஒரு நாள்தான் கொடுத்தாங்க."

"அதான் மேடம் என் பயமே," என்றார் ருசிக்காரர். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "செவ்வாய், வெள்ளி ஃபேக்டரில ஆரஞ்சுத் தோல் ஜாம் பார்ப்பேன். கசப்பு. இத்தனை வருஷமா அந்தக் கசப்புக்கு அப்புறமும் நாக்கு எழுந்து நின்னுச்சு. இப்ப படுத்துடுது போல. திங்கட்கிழமை பதினோரு கோப்பைல நாலு தோல் ஜாம்."

"இன்னொரு சந்தேகம் சொன்னீங்களே."

ருசிக்காரர் கூடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே சோபாவில் நீளமாக ஒரு ஆள் படுத்திருந்தார். முகத்தின் மீது செய்தித்தாள். "என் மச்சான். லிஃப்ட் மெக்கானிக். புது வீடு பார்க்கற வரைக்கும் பத்து நாள் இருக்கேன்னு மார்ச் மாசம் வந்தான். அவனுக்கு வார லீவு என்னைக்குன்னு கேளுங்க."

"செவ்வாய், வெள்ளி," என்றார் கொழுந்தன்.

"நீங்களே சொல்லிட்டீங்க."

அண்ணி பாட்டில்களைக் கையில் எடுத்தார். ஒவ்வொன்றிலும் லேபிள் ஓரமாகப் பென்சில் கோடுகள், பக்கத்தில் தேதி. மட்டம் கோட்டுக்குச் சரியாக நின்றது. "யாரும் எடுக்கல."

"எடுத்துட்டு அதே அளவு தண்ணி ஊத்தியிருக்கலாமே."

"அப்ப இப்ப கலந்தாலும் சப்புன்னுதான் இருக்கணும். பாட்டில்ல இருக்கற தண்ணி கிழமை பார்க்காது. ஒண்ணு கலந்து காட்டுங்க."

மணி நாலு இருபது. ருசிக்காரர் எழுந்து கையைக் கழுவினார். அளந்து ஊற்றினார். ஐஸ் ஆறு. நீள ஸ்பூனைக் குவளையின் ஓரமாக இறக்கி, சத்தமே வராமல் சுற்றத் தொடங்கினார். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். பின்னறையில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், அவர் மனைவி எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி. பயிற்சிப் பாடம் தடதடவென்று ஓடியது.

"அழகா கலக்கறீங்க," என்றார் அண்ணி. "இந்தச் சத்தத்துல எண்ணிக்கை தப்பாதா?"

"நாப்பது," என்று முடித்துவிட்டு நிமிர்ந்தார் ருசிக்காரர். "எந்தச் சத்தம்? இது ரொம்ப அமைதியான வீடு, மேடம்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார்.

பானம் வடிகட்டிய கிளாஸுக்குள் தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. கிளாஸின் வாய்க்குக் கொஞ்சம் கீழே ஒரு தங்கக் கோடு உண்டு. பானம் சரியாக அந்தக் கோட்டைத் தொட்டது. ருசிக்காரர் கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார். முகம் மலரும் என்று மற்ற இருவரும் காத்திருந்தார்கள். முகம் இறங்கியது.

"நல்லா இருக்கு," என்றார்.

"நல்லா இருந்தா ஏன் சார் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?"

"இன்னைக்கு நான் லீவு. தோல் ஜாமத் தொடவே இல்ல. அதான் நல்லா இருக்கு. பாட்டில்ல குறை இல்ல. மச்சான் மேலயும் தப்பில்ல." நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தை முன்னால் இழுத்துப் பேனாவைத் திறந்தார். "அப்ப நாக்குதான்."

"பேனாவ மூடுங்க," என்றார் அண்ணி. "இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. தம்பி, அந்த கிளாஸக் கீழ வை. அது ஆதாரம்."

"ஆதாரம் வெதுவெதுன்னு ஆயிட்டா கோர்ட்ல செல்லாது, அண்ணி," என்றார் கொழுந்தன். கிளாஸ் ஏற்கெனவே காலியாகியிருந்தது.

அண்ணி கூடத்துக்குப் போனார். சோபாவில் இருந்த மச்சான் செய்தித்தாளை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். யாரோ தன்னை லிஃப்ட்டுக்குள் பூட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு முகம்.

"உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி," என்றார் அண்ணி.

"நான்தாங்க," என்றார் மச்சான்.

அண்ணி கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் ஆட்கள் இன்னும் கொஞ்சம் சொல்வார்கள் என்பது காப்பீட்டு நிறுவனத்தில் கற்றது.

"தினமும் ஒண்ணு. லீவு நாள்ல ரெண்டு. பாட்டில நான் தொட்டதே இல்லங்க, சத்தியமா. எனக்கு மது ஒத்துக்காது. செர்ரி மட்டும்தான்."

சமையலறையிலிருந்து ருசிக்காரர் வந்து நின்றார். "செர்ரியா? நான் ஜாடி சின்னதாயிடுச்சுன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன்டா."

"அத்தான், பதில் வந்துச்சா?"

"மன்னிப்பு கேட்டு ரெண்டு ஜாடி அனுப்பினாங்க."

"அதையும்தான் அத்தான்."

ருசிக்காரர் உட்கார இடம் தேடித் தன் சாய்வு நாற்காலியில் விழுந்தார். மாலையில் அவர் பானம் குடிக்கிற நாற்காலி அது. அண்ணியின் பார்வை அதன் வலது கைப்பிடிக்குப் போனது. பச்சைத் துணி உறை. அதில் ஒழுகிக் காய்ந்த கறை, ஒன்றன் மேல் ஒன்றாக. விரலால் தொட்டார். ஒட்டியது.

"இது எப்ப ஆச்சு?"

"தெரியல மேடம். வீட்டுக்காரிகூட போன வாரம் திட்டினா. புதுசா தோச்சுப் போட்ட உறையாம்."

"உறை எப்ப போட்டாங்க?"

பதில் மச்சானிடமிருந்து வந்தது. "செப்டம்பர் கடைசி, ஞாயித்துக்கிழமை. நான்தான் மாட்டினேன்."

அண்ணி குனிந்து எண்ணினார். ஒழுகல் ஐந்து. நோட்டில் சிவப்பு மை ஐந்து. "பத்து வருஷமா சிந்தாதவர் அஞ்சு நாள் சிந்தியிருக்கார். நீங்க குடிக்கும்போது கிளாஸப் பார்க்க மாட்டீங்களா?"

"பார்க்கக் கூடாது மேடம். ஃபேக்டரில நாங்க சிவப்பு விளக்குலதான் ருசி பார்ப்போம். நிறம் தெரிஞ்சா கண்ணு நாக்க ஏமாத்திடும். வீட்லயும் விளக்க அணைச்சுட்டு கண்ண மூடிட்டுத்தான் குடிப்பேன். சமையலறைல வடிகட்டி எடுத்துட்டு வந்து இங்க உட்கார்ந்துடுவேன்."

"கோட்டுக்கு மேல இருந்தா தெரியாது."

"எப்படி மேல இருக்கும்? அளந்துதானே ஊத்தறேன்."

"அதான் விசேஷம்," என்றார் அண்ணி. "திருடன்னா எடுப்பான். உங்க வீட்ல யாரோ வாரத்துல ரெண்டு நாள் கொடுக்கறாங்க. தண்ணியா கொடுக்கறாங்க. பாட்டில்ல இல்ல, பாகுல இல்ல, கிளாஸுக்குள்ள. தம்பி, பின்வாசல் பூட்டு எப்படி இருக்குன்னு பாரு."

கொழுந்தன் போய்விட்டு வந்தார். "பூட்டு நல்லாத்தான் இருக்கு. உள்ள வந்தது மனுஷங்க இல்ல அண்ணி, எறும்பு. பின்வாசல் படில ஊர்வலம். மிதியடி வரைக்கும் வந்துட்டு அங்கேயே பொதுக்கூட்டம் நடத்துது."

"முன்வாசல்லயும்தான் எறும்பு இருக்கும்," என்றார் மச்சான். "அத்தான் ஷூவுக்கு. ஃபேக்டரி தரை முழுக்கச் சர்க்கரைத் தூள். அக்கா அந்த ஷூவ வீட்டுக்குள்ளயே விடமாட்டா, வெளில பெட்டில போட்டு மூடி வெப்பா."

"உங்க அத்தான் பின்வாசல் வழியா வருவாரா?" என்றார் அண்ணி.

"பின்வாசல் சந்துல வந்தா ரெண்டு தெரு சுத்தணும். யாரு வருவா?"

அண்ணி தலையாட்டினார். அதைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. கொழுந்தனுக்கு இந்தத் தலையாட்டல் பழக்கம். அண்ணி எதையோ பையில் போட்டுக்கொண்டார் என்று அர்த்தம். எப்போது வெளியே எடுப்பார் என்று கேட்டால் திட்டு விழும்.

ஐந்து மணிக்கு எதிர்வீட்டுப் பெண் வணக்கம் சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போனாள். வெளியே வெளிச்சம் குறைந்து, தெருவில் காய்ந்த இலைகள் காற்றில் ஓடின. ஐந்தேகாலுக்குப் பின்பக்கம் ஏதோ ஒரு கதவு மெல்லச் சாத்துகிற சத்தம். பிறகு பின்னறையில் பாடம் மறுபடி தொடங்கியது.

ஐந்தரைக்கு அண்ணி சொன்னார்: "இது உங்க வழக்கமான நேரம். வழக்கம்போல ஒண்ணு கலங்க. தம்பி, நீ கைக்கடிகாரத்தப் பாரு. வேற எதையும் பார்க்காத. முக்கியமா கிளாஸ."

மறுபடியும் அதே விஸ்கி, அதே வெர்மூத், பாகு, இரண்டு சொட்டு. அளவை அண்ணியே குனிந்து பார்த்தார். ஐஸ் ஆறு. ஸ்பூன் இறங்கியது. ருசிக்காரர் உதடுகளை அசைத்து எண்ணத் தொடங்கினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது சுற்றின் பாதியில் ஸ்பூன் நின்றது. ருசிக்காரர் சாதாரணமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் அப்படியே காத்திருந்தது. பிறகு தானாகக் கிளம்பியது. ஐந்து. ஆறு. மறுபடி நின்றது. இரண்டு முறை முன்னும் பின்னும் லேசாக ஆடிவிட்டு நகர்ந்தது.

"எங்க ரூட்ல ஒரு சிக்னல் இப்படித்தான் இருந்துச்சு," என்று கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்தபடியே முணுமுணுத்தார். "அந்த ஜங்ஷன்ல ரெண்டு கல்யாணம் நிச்சயமாயிருக்கு."

அண்ணி ருசிக்காரரின் கையைப் பார்க்கவில்லை. மூடியிருந்த பின்னறைக் கதவைப் பார்த்தார். அங்கே யாரோ அதே பயிற்சிப் பாடத்தை, ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்வரம் தப்பியது. வாசிப்பு நின்றது. ஸ்பூன் நின்றது. தப்பிய இடத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்கள். ஸ்பூன் இரண்டு முறை ஆடியது. வாசிப்பு கிளம்பியது. ஸ்பூனும் கிளம்பியது.

"நாப்பது," என்றார் ருசிக்காரர் நிம்மதியாக.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்," என்றார் கொழுந்தன்.

வடிகட்டினார். பானம் தங்கக் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை மேலே நின்றது. கிளாஸைத் தூக்கியதும் விளிம்பில் வழிந்து அவர் விரலை நனைத்தது. கண்ணை மூடிக் குடித்தார். திறந்தார்.

"தண்ணி," என்றார். "இன்னைக்குத் தோல் ஜாமே இல்லையே, மேடம்."

"ஆமா. நாக்கு தப்பு சொல்லல. தண்ணி இருந்துச்சு, தண்ணின்னு சொல்லுது. குவளைல இருக்கற ஐஸப் பாருங்க."

ஆறு கட்டிகளும் கரைந்து, தேய்ந்துபோன சோப்புத் துண்டுகள் மாதிரி கிடந்தன.

"ஆனா நாப்பதுதானே கலக்கினேன்?"

"நாப்பதுதான். நானும் எண்ணினேன். அதுல குறையே சொல்ல முடியாது. சார், கொஞ்சம் பஞ்சு இருக்கா?"

பஞ்சை அண்ணியே ருசிக்காரரின் இரண்டு காதிலும் வைத்து அடைத்தார். மூன்றாவது கிளாஸைக் கலக்கச் சைகை காட்டினார். ருசிக்காரர் கலக்கினார். ஸ்பூன் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"முப்பத்தாறு செகண்ட்," என்றார் கொழுந்தன்.

பானம் கோட்டில் நின்றது. ருசிக்காரர் குடித்தார். இந்த முறை முகம் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "நல்லா இருக்கு," என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார், காதில் பஞ்சு இருந்ததால்.

அண்ணி பஞ்சை எடுத்துவிட்டார். "உங்க மனைவி எத்தனை வருஷமா பியானோ சொல்லிக் கொடுக்கறாங்க?"

"கல்யாணத்துலேர்ந்து. இருபது வருஷம்."

"இருபது வருஷத்துல உங்க காது அதக் கேக்கறத நிறுத்திடுச்சு. கை நிறுத்தல. கட்டை ஒண்ணுக்கு ஸ்பூன் ஒரு சுத்து. வாசிக்கறவங்க வேகமா ஓடினா உங்க கையும் ஓடும், அவங்க தடுமாறினா கையும் காத்திருக்கும். இத்தனை வருஷமா இந்த நேரத்துக்குக் கையோட்டம் உள்ளவங்க வந்திருக்காங்க. செப்டம்பர் முப்பதுலேர்ந்து செவ்வாய், வெள்ளி அஞ்சேகாலுக்கு ஒரு புது ஆள். ஐஸ் ரெண்டு நிமிஷம் உருகுது. உங்க கெட்டிப் பாகெல்லாம் தண்ணில நீச்சல் அடிக்குது."

பின்னறையில் அந்த ஆள் அதே இடத்தில் அதே தப்பைப் பண்ணினார். ருசிக்காரர் முதல் முறையாக அதைக் கேட்டார். பல்வலி வந்தவர் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு மேடம் இது? இந்தக் கொடுமையையா நான் அஞ்சு நாளா கேட்டுட்டு இருந்தேன்?"

"நீங்க கேக்கல, சார்," என்றார் கொழுந்தன். "கேட்டிருந்தா அன்னைக்கே வீட்ட வித்திருப்பீங்க."

சத்தம் கேட்டுப் பின்னறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு பியானோ டீச்சர் வெளியே வந்தார். வந்ததும் கதவை முதுகால் சாத்தினார். "என்னங்க, பாடம் நடக்குது. என்ன கூட்டம் இது?"

"உள்ள யாரு?"

"ஒரு மாணவர்."

"பேரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அம்பத்தெட்டு வயசுல ஆசைப்பட்டு வந்திருக்கார் பாவம். தெரிஞ்சவங்க சிரிப்பாங்கன்னு கூச்சப்படறார். சந்து வழியா வந்து சந்து வழியா போறார்." அவருடைய பார்வை மேஜையில் இருந்த கடிதத்துக்குப் போனது. அதை எடுத்து நின்றபடியே படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். "இது எப்ப எழுதினீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நாக்கு போச்சுன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ என்ன சமைச்சாலும் நான் ஒரு குறை சொல்றேன். அத எல்லாம் நீ திருப்பிச் சொல்லுவ."

"சொல்லியிருப்பேன்," என்றார் டீச்சர். "ஆனா கடிதம் எழுத விட்டிருக்க மாட்டேன்."

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தார். "டீச்சர், நீங்க வாக்கக் காப்பாத்துங்க. பேர நீங்க சொல்ல வேணாம், எறும்பு சொல்லிடுச்சு. இந்த வீட்ல எறும்பு ஒரே ஒரு ஷூவுக்குத்தான் வரும், ஜாம் ஃபேக்டரி ஷூவுக்கு. உங்க வீட்டுக்காரர் முன்வாசல். பின்வாசல் மிதியடில கழட்டி வெச்சது இன்னொரு ஃபேக்டரி ஆள். வயசு அம்பத்தெட்டு. ருசிக்காரர் சிரிச்சுடுவாரேன்னு பயப்படற அளவுக்கு அவருக்கு மேல இருக்கறவர்."

கடிதம் யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். தரப் பிரிவின் தலைமை மேலாளர்.

கதவு திறந்தது. கோட்டுப் போட்ட உயரமான மனிதர், இரண்டு ஷூவையும் கையில் பிடித்தபடி, வெறும் சாக்ஸோடு நின்றார். ஓடலாமா வேண்டாமா என்று அவர் கொஞ்ச நேரமாக யோசித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"நீங்க எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?" என்றார் ருசிக்காரரிடம்.

"இல்ல சார். கேக்காததுதான் இங்க பிரச்சினையே."

மேலாளருக்குப் புரியவில்லை. அண்ணி நாலு வாக்கியத்தில் சொன்னார். மேலாளரின் காது சிவந்தது. டீச்சரின் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நான் நாலாவது ஸ்வரத்துல தடுக்கினதுக்கு நீங்க டப்பா அடைக்கப் போறீங்களா?"

"கிட்டத்தட்ட, சார்."

"கையெழுத்து இல்லாத கடிதத்த நான் வாங்கறதில்ல," என்று மேலாளர் அதை மேஜையில் வைத்தார். "அப்புறம், நான் இங்க வர்றது..."

"நீங்க இங்க வந்ததே இல்ல சார். இது ரொம்ப அமைதியான வீடு."

"திங்கட்கிழமை பரீட்சைய வெளியூர்லேர்ந்து வர்ற ரெண்டு பேர் நடத்தறாங்க. நான் அந்த மாடிக்கே வரமாட்டேன். என்னால உங்களுக்கு ஒரு நல்லதும் பண்ண முடியாது."

"கெட்டதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சா போதும், சார்," என்றார் கொழுந்தன். அதற்குள் இரண்டாவது கிளாஸும் மூன்றாவது கிளாஸும் ஆதாரம் என்ற நிலையை இழந்திருந்தன.

அண்ணி கையை நீட்டினார். கொழுந்தன் கார் சாவியை எடுத்து அதில் வைத்தார்.

"ரெண்டாவது கிளாஸ் தண்ணிதானே, அண்ணி."

"பின்சீட்ல உட்காரு, தம்பி."

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ருசிக்காரர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சோபாவிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்து, இவ்வளவு நடந்த பிறகு தனக்கு ஏதாவது செர்ரி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

பரீட்சை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஃபேக்டரியின் இரண்டாவது மாடியில் நடந்தது. எழுதியவர்கள் ஆறு பேர். ருசிக்காரர் பதினோரு கோப்பைகளையும் பதினாறு நிமிடத்தில் வரிசைப்படுத்தினார். பதினொன்றும் சரி. அவர் பழைய பிரிவிலேயே வேலை செய்கிறார்.